அயலார் வாசலும் ஆலய வாசலும்

(வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை, பங்கு மக்களின் பயன் கருதி இங்கே எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



தொடக்க நூலின் 23ஆம் அதிகாரத்தில் ஒரு நிலக் கிரயம் மிக விவரமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆபிரகாமின் மனைவி சாரா எபிரோனில் இறந்துபோகிறார். அவரை அடக்கம் செய்ய ஆபிரகாமுக்குச் சொந்தமாக ஓரடி நிலம்கூட இல்லை. அந்த நாட்டையே அவருடைய வழிமரபுக்குத் தருவதாகக் கடவுள் வாக்களித்திருந்தார். ஆனாலும் அந்த வாக்குறுதியைச் சொல்லிக்கொண்டு அவர் யாருடைய நிலத்திலும் இறங்கவில்லை. அந்நாட்டு மக்களான இத்தியர் முன்னிலையில் தலைவணங்கி, தம்மை அவர்களிடையே வாழும் அன்னியன் என்று சொல்லிக்கொண்டு, இடம் கேட்கிறார். நிலத்துக்குச் சொந்தக்காரரான எப்ரோன் சும்மாவே தந்துவிடுவதாகச் சொல்கிறார். ஆபிரகாம் அதை ஏற்கவில்லை. நானூறு வெள்ளிச் செக்கேல் நிறுத்துக் கொடுக்கிறார். நகர வாயிலில், ஊரார் அத்தனை பேரும் பார்க்க, மக்பேலா நிலமும் அதிலிருந்த குகையும் அவர் பெயருக்கு உறுதியாகின்றன. நிலத்தில் நின்ற மரங்களையும் விவிலியம் விடாமல் குறிப்பிடுகிறது.

நம்பிக்கையின் தந்தை என்று நாம் போற்றுகிறவர் ஊரைக் கேட்டு, உரிய விலை கொடுத்து, சாட்சிகள் முன்னிலையில் இடம் வாங்கினார். இந்த வாசகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்று ஒரு சாதாரணக் காரியத்தைப் பற்றிச் சிந்திப்போம். ஆலயத்துக்கு வருகிறவர்களின் வண்டிகளை எங்கே நிறுத்துவது? தெருவை விட்டுத் தனியாக ஒரு நிறுத்துமிடம் அமைக்க ஒரு பங்கு விரும்பினால், அதுவும் பழமையான கோயிலும் குளமும் மகாலும் உள்ள பகுதியில் விரும்பினால், யாரைக் கேட்க வேண்டும்? கேட்பது நம் விசுவாச வாழ்வோடு எப்படிச் சேர்ந்தது?

தெருவில் நிற்கிற வண்டி

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இரண்டு ஊர்களின் வழியாகவும் போகிறது. மில் வேலைக்குப் போகிறவர், கடை வைத்திருப்பவர், பள்ளி ஆசிரியர் என்று நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரு பைக்காவது இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்னால் குடும்பம் குடும்பமாக நடந்து வந்த அதே ஆலயத்துக்கு இன்று வண்டியில் வருகிறோம். ஆலயம் அப்படியேதான் இருக்கிறது. தெருவின் அகலமும் அப்படியேதான். வண்டிகள் மட்டும் பெருகிவிட்டன.

ஞாயிறு முதல் திருப்பலி முடிந்து வெளியே வருகிறவர்களும் அடுத்த திருப்பலிக்கு உள்ளே வருகிறவர்களும் வாசலில் மோதிக்கொள்கிறார்கள். திருமணம் என்றால் வேன், திருவிழா என்றால் வெளியூர்ப் பேருந்து. ஆலயத்துக்கு எதிர்வீட்டுக்காரர் தம் கேட்டைத் திறக்க முடியாமல் நிற்கிறார். அவர் இந்துவாக இருக்கலாம், இஸ்லாமியராக இருக்கலாம், நம் சபையினராகவே இருக்கலாம். "சாமி கும்பிட வந்தவங்கதானே, என்ன சொல்றது" என்று அவர் பேசாமல் இருந்துவிடுகிறார். அந்த மௌனத்தை நாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில், முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். இயேசுவின் சொல்லைக் கேட்க வந்த கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டிருக்கிறது. வேறு வழியில்லாமல் கூரையைப் பிரித்து அவரை இறக்குகிறார்கள். அந்தக் கூட்டத்தில் யாரும் கெட்டவர்கள் அல்ல. எல்லாரும் ஆண்டவரின் வார்த்தைக்காக வந்தவர்கள். இருந்தாலும் நோயாளிக்கு வழியை மறித்தவர்கள் அவர்களே. நம் தெருவில் ஒரு மூதாட்டிக்கு மூச்சுத் திணறி, 108 வண்டி முனையிலேயே நின்றுவிட்டால், அந்த வீட்டாருக்குப் பிரிப்பதற்குக் கூரை கிடையாது.

மத்தேயு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு வரிசை முறையைச் சொல்லித் தருகிறார். காணிக்கையைப் பீடத்துக்குக் கொண்டு வரும்போது, நம்மேல் ஒருவருக்கு மனத்தாங்கல் உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவரிடம் போக வேண்டும். அவர்மேல் நமக்குள்ள வருத்தத்தைப் பற்றி ஆண்டவர் அங்கே பேசவில்லை. நம்மேல் அவருக்குள்ள வருத்தத்தைப் பற்றியே பேசுகிறார். எதிர்வீட்டு கேட்டுக்கு முன்னால் பைக்கை நிறுத்திவிட்டு ஆலயத்துக்குள் நுழையும் ஒவ்வொருவருக்கும் இந்த வாசகம் பொருந்தும். ஆகவே நிறுத்துமிடம் தேடுவது ஏதோ வசதிக்கான ஆடம்பரச் செலவு என்று தள்ளிவிட முடியாது. அது அயலாருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.

பழமை என்றால் கோபுரம் மட்டுமா?

ஆனால் ஒரு கடனைத் தீர்க்கப் போய் வேறொரு கடனை ஏற்றிக்கொள்ளக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். பதினொரு நிலைகளோடு 190 அடிக்கும் மேலாக உயர்ந்து நிற்கும் வடபத்ரசாயி கோயில் கோபுரத்தை அரசு முத்திரையில் பார்க்கிறோம் என்று அந்த ஊர் பெருமைப்படுகிறது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த ஊர் அது. நாயக்கர் காலத்து மகால் உண்டு. திருமுக்குளம் உண்டு. ஆடிப்பூரத்தன்று பெரிய தேர் ஓடுகிற வீதிகள் உண்டு. ராஜபாளையத்தில், சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா தம் சொந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். அது காந்தி கலை மன்றம் ஆயிற்று.

பழமையான சூழல் என்பது கோபுரத்தோடு முடிந்துவிடுவதில்லை. தேர் திரும்புகிற முனை அதில் சேரும். குளத்துக்கு மழைநீர் வந்து சேரும் வாய்க்கால் சேரும். திண்ணையும் நாட்டு ஓடும் மரத்தூணுமாக ஒரே வரிசையில் நிற்கும் வீடுகள் சேரும். அந்த வரிசையில் நடுவீட்டை வாங்கி இடித்து, கான்கிரீட் தளம் போட்டு, தகரக் கூரை அமைத்து, இரும்புக் கதவு மாட்டினால், பல்வரிசையில் ஒரு பல் விழுந்ததுபோல் தெரு ஆகிவிடும். மண்ணில் இறங்கிய மழைநீர் இனி பக்கத்து வீட்டு நடையில் இறங்கும். நிழல் தந்த வேம்பு போய்விடும். வெட்டியவர்கள் யார் என்று தெரு நெடுநாள் நினைவில் வைத்திருக்கும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடலில் இந்த இரண்டு பக்கங்களையும் தொட்டிருக்கிறார். இயற்கைச் செல்வத்தோடு வரலாறு, கலை, பண்பாட்டுச் செல்வமும் ஆபத்தில் இருக்கிறது என்று 143ஆம் பத்தியில் எடுத்துரைக்கிறார். 153ஆம் பத்தியில், கார்கள் பெருகப் பெருக மேலும் சாலைகளும் நிறுத்துமிடங்களும் தேவைப்பட்டு நகரத்தின் தோற்றமே கெடுகிறது என்று கவலைப்படுகிறார். ஒரு திருத்தந்தை வண்டி நிறுத்துமிடத்தைப் பற்றித் திருமடலில் எழுதியிருக்கிறார் என்றால், பங்குப் பேரவை அதைப் பற்றி ஒரு மாலை உட்கார்ந்து பேசுவதில் தவறில்லை.

டெக்சாஸில் ஒரு பங்கு

நாடு வேறு, சட்டம் வேறு. ஆனாலும் அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு நமக்கு உதவும். டெக்சாஸ் மாநிலத்தில் சான் அந்தோனியோ நகருக்கு அருகே பெர்னி என்றொரு சிற்றூர். அங்குள்ள தூய பேதுரு ஆலயம் 1923ஆம் ஆண்டு கட்டப்பட்டது. அதில் ஏறக்குறைய 230 பேர்தான் உட்கார முடியும். பங்கு வளர்ந்தது. சில ஞாயிறு திருப்பலிகளில் நாற்பது முதல் அறுபது பேருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆலயத்தை விரிவாக்கப் பேராயர் பேட்ரிக் ஃபுளோரஸ் இசைவு தந்தார்.

இதற்கிடையில், ஊரின் பழமையான பகுதிகளைப் பாதுகாக்க நகராட்சி ஒரு விதி கொண்டுவந்தது. ஆலயம் அந்தப் பகுதிக்குள் வருகிறது என்று சொல்லிக் கட்டட அனுமதி மறுக்கப்பட்டது. முகப்பு மட்டுமே அந்தப் பகுதிக்குள் வரும், மற்றப் பகுதியைக் கட்டலாம் என்று திருச்சபை வாதாடியது. சமய உரிமையைக் காக்க 1993இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தைக் காட்டிப் பேராயர் வழக்குத் தொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1997 ஜூன் 25ஆம் நாள், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அந்தச் சட்டத்தை மாநிலங்கள் மீதும் ஊராட்சி அமைப்புகள் மீதும் செலுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருச்சபை தோற்றது.

பிறகு என்ன நடந்தது? பங்கும் நகராட்சியும் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தன. பழைய ஆலயத்தின் பெரும்பகுதியை அப்படியே காப்பது, அதன் பின்புறத்தில் புதிய பெரிய ஆலயம் எழுப்புவது என்று உடன்பாடு ஆயிற்று. ஊருக்கு அதன் பழைய முகம் மிஞ்சியது. பங்குக்கு இடம் கிடைத்தது. 2000ஆம் ஆண்டில், நில விதிகளைக் காட்டி வழிபாட்டு இடங்களை ஊராட்சி அமைப்புகள் அநியாயமாகத் தடுக்கக் கூடாது என்று புதிய சட்டமும் வந்தது.

இந்த வரலாற்றைச் சிலர் 'திருச்சபை தோற்ற கதை' என்று சொல்வார்கள். பல ஆண்டு வழக்கில் கிடைக்காதது பேச்சில் கிடைத்தது என்றும் அதை வாசிக்கலாம். அவர்கள் முதலிலேயே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நம்மால் சொல்ல முடியாது. ஆனால் வரைபடம் வரைவதற்கு முன்பே அயலாரோடு உட்காரும் வாய்ப்பு நமக்கு இன்னும் இருக்கிறது.

நம் ஊரில் யாரைக் கேட்பது?

முதல் கேள்வி, இடம் யாருடையது? பட்டா, வில்லங்கச் சான்று, டவுன் சர்வே பதிவேடு, புலப்பட நகல் ஆகியவற்றை வாங்கிப் பாருங்கள். பழைய கோயிலைச் சுற்றியுள்ள பகுதியில் கோயில் நிலம் இருப்பது இயல்பு. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி, உரிய ஒப்புதல் இல்லாமல் அத்தகைய நிலத்தை விற்கவோ வாங்கவோ முடியாது. ஊருணிக் கரை, கண்மாய்ப் புறம்போக்கு, வாய்க்கால் ஓரம் ஆகியவை காலியாகத் தெரியும், கண்ணை இழுக்கும். தொடவே கூடாது. ஏரி குளங்களைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஊர்ப் பொது நிலங்களிலும் குளங்களிலும் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றும்படி 2011இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது.

இரண்டாவது, பக்கத்தில் உள்ள பழமைச் சின்னம் யாருடைய பாதுகாப்பில் இருக்கிறது? மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால், 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு 2010இல் வந்த திருத்தமும் பொருந்தும். சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை முன் அனுமதி பெற்றே கட்ட வேண்டும். மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு 1966ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம். அறநிலையத் துறை நிர்வகிக்கும் கோயில்கள் வேறு வகை. ஒரே தெருவில் மூன்று துறைகளும் வரலாம். ஆகவே ஊகத்தில் இறங்காமல், எழுத்து மூலமாகக் கேட்டு, எழுத்து மூலமாகப் பதில் வாங்குங்கள். மண் தரையைச் சமப்படுத்துவது ஒன்று. சுற்றுச்சுவர், கூரை, கழிப்பறை, காவலர் அறை கட்டுவது வேறொன்று. இவற்றில் எது எது வேண்டும் என்று மனுவில் தெளிவாக எழுதுங்கள்.

மூன்றாவது, நகராட்சியும் நகர் ஊரமைப்புத் துறையும். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி ஒவ்வொரு பகுதிக்கும் நிலப் பயன்பாடு வகுக்கப்படுகிறது. குடியிருப்புப் பகுதி என்று குறிக்கப்பட்ட மனையை நிறுத்துமிடமாக்கலாமா என்பதை அங்கேதான் கேட்க வேண்டும். கட்டுமானம் எதுவானாலும் 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளுக்கு உட்பட்டது. வயல் என்றால் வேளாண் நிலத்தை மாற்ற தனி அனுமதி உண்டு. வாசல் தேசிய நெடுஞ்சாலையில் திறக்கிறது என்றால் நெடுஞ்சாலைத் துறையின் அனுமதியும் தேவை. வண்டிகள் எங்கே நுழைந்து எங்கே வெளியேறும் என்பதைக் காவல் நிலையத்தில் காட்டி, அவர்கள் கருத்தையும் கேட்பது நல்லது.

நான்காவது, திருச்சபைக்குள்ளேயே கேட்பது. பங்கு நிலம் பங்குத்தந்தையின் சொந்தம் அல்ல. பங்குப் பேரவையின் சொந்தமும் அல்ல. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்று 537ஆம் எண்ணில் சொல்கிறது. 1284ஆம் எண்ணில், சொத்தை நிர்வகிப்பவர்கள் நாட்டுச் சட்டங்களையும் கடைப்பிடிக்க வேண்டும், அவற்றை மீறுவதால் திருச்சபைக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்துகிறது. ஆக, அனுமதி இல்லாமல் ஒரு சுவர் எழுப்பும்போது நகராட்சி விதியோடு திருச்சபைச் சட்டத்தையும் மீறுகிறோம். ஆயர் இல்லத்தின் எழுத்துபூர்வமான இசைவு மனுவோடு இருக்க வேண்டும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்கிறார் இயேசு. நாமும் பார்ப்போம். கட்டட விதிகளின்படி ஒரு கார் நிற்க 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் வேண்டும். ஒரு பைக்குக்கு 1 மீட்டர் அகலமும் 1.8 மீட்டர் நீளமும் போதும். அதாவது ஒரு கார் நிற்கிற இடத்தில் ஏறக்குறைய ஏழு பைக்குகள் நிற்கும். வண்டி உள்ளே வந்து திரும்பி வெளியே போக, நிற்கும் இடத்தைப் போல இன்னொரு மடங்கு இடம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து சென்ட் என்பது சுமார் 405 சதுர மீட்டர். அதில் பதினாறு கார்கள் நிற்கலாம். அல்லது நூறுக்கு மேற்பட்ட பைக்குகள் நிற்கலாம். காருக்கு நான்கு பேர், பைக்குக்கு இரண்டு பேர் என்று கணக்கிட்டால், முன்னதில் வருகிறவர்கள் அறுபத்து நான்கு பேர்; பின்னதில் வருகிறவர்கள் இருநூறுக்கும் மேல்.

இந்தக் கணக்கு பங்குப் பேரவையில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். ஏனென்றால் நிறுத்துமிடம் கேட்டு முதலில் குரல் கொடுப்பவர்கள் பெரும்பாலும் கார் வைத்திருப்பவர்கள். பேருந்தில் வந்து இறங்கி நடந்து வரும் விதவைத் தாயின் காணிக்கையும் அந்தத் தளத்துக்குப் போகிறது. அவருக்கு அதில் என்ன கிடைக்கும்? முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் இறங்க வாசலுக்கு அருகே ஓர் இடம், அவர்களை ஏற்றி வரும் ஆட்டோ நிற்க ஓர் இடம், நடந்து வருகிறவர்களுக்கு வண்டிகள் குறுக்கிடாத ஒரு பாதை ஆகியவற்றை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கார்களுக்குக் கொடுங்கள்.

இடம் வாங்குவதற்கு முன்பே செய்யக் கூடியவையும் உண்டு. இரண்டு திருப்பலிகளுக்கு இடையே அரைமணி நேர இடைவெளி விட்டால் வாசல் நெரிசல் பாதி குறையும். பங்குப் பள்ளி இருந்தால் ஞாயிறன்று அதன் மைதானம் காலியாகத்தான் இருக்கிறது. ஒரே தெருவிலிருந்து நான்கு வண்டிகளில் வரும் நான்கு குடும்பங்களை அன்பியக் கூட்டத்தில் பேசி ஒரே வண்டியில் வரச் செய்யலாம். இளைஞர் இயக்கத்தினர் நால்வர் பச்சைத் துணிப் பட்டையோடு தெருமுனையில் நின்றால், எதிர்வீட்டு கேட் திறந்தே இருக்கும். இவை எல்லாவற்றையும் செய்து பார்த்தோம், இன்னும் இடம் போதவில்லை என்று மனுவில் எழுத முடிந்தால், அந்த மனுவுக்கு எடை கூடும்.

இடம் அமைக்கும்போது, தெருவோர வீட்டை இடிக்காமல் பின்பக்கம் மனை கிடைக்குமா என்று தேடுங்கள். இருக்கிற மரங்களைச் சுற்றி வண்டிகள் நிற்கட்டும், நிழலும் கிடைக்கும். நீர் இறங்கும் கல் பதித்தால் மழைநீர் அயலார் வீட்டுக்குப் போகாது. சுவர் தாழ்வாகவும் தெருவின் நிறத்தோடு ஒத்தும் இருக்கட்டும். விளக்கு அடுத்த வீட்டு ஜன்னலில் அடிக்காமல் தரையைப் பார்க்கட்டும்.

கேட்டதற்கு மட்டுமே

இங்கே ஒரு சோதனை நமக்குக் காத்திருக்கிறது. நிறுத்துமிடத்துக்கு அனுமதி கிடைக்கிறது. ஓர் ஆண்டு கழித்து மூலையில் ஒரு சிலுவை நடுகிறோம். அடுத்த ஆண்டு ஒரு கெபி. அதற்கு ஒரு கூரை. பிறகு முதல் சனிக்கிழமை செபமாலை, ஒலிபெருக்கியோடு. ஒவ்வொன்றும் பக்தியால் வந்ததே. ஆனால் நம்பி இசைவு தந்த அயலார் மனத்தில் என்ன எழும்? "வண்டி நிறுத்தத்தானே கேட்டீங்க?" என்ற ஒரு கேள்வி எழும். அதற்கு நம்மிடம் பதில் இருக்காது.

தமிழ்நாட்டில் வழிபாட்டுக் கட்டடம் எழுப்ப, கட்டட அனுமதியோடு மாவட்ட ஆட்சியரின் ஒப்புதலும் விதிகளில் கேட்கப்படுகிறது. பொது இடங்களில் அனுமதியின்றி வழிபாட்டுக் கட்டடங்கள் எழும்பக் கூடாது என்று 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எல்லாச் சமயத்தாருக்கும் பொருந்தும் உத்தரவு அது. நிறுத்துமிடத்துக்கு வாங்கிய அனுமதி வழிபாட்டு இடத்துக்குச் செல்லாது. கெபி வேண்டுமென்றால் கெபி என்று எழுதி, அதற்குரிய வழியில் கேட்க வேண்டும். ஆபிரகாம் கல்லறைக்கு என்று நிலம் கேட்டார். அங்கே சாராவை அடக்கம் செய்தார்.

மறுத்துவிட்டால்?

நேயர்களே, உங்களில் பலருடைய மனத்தில் இந்நேரம் எழுந்திருக்கும் எண்ணத்தை நான் அறிவேன். "நாம சிறுபான்மை. கேட்டா இழுத்தடிப்பாங்க. யாராவது ஒருத்தர் மனு போட்டா பிரச்சினையாயிடும். சத்தமில்லாம செஞ்சிட்டா முடிஞ்சது" என்று ஆலய வாசலில் பேசப்படுவது உண்டு. அந்தப் பயம் வீண் பயம் என்று சொல்லி ஒதுக்க மாட்டேன். கோப்பு மாதக்கணக்கில் நகராமல் கிடக்கும் வருத்தம் எளியோருக்குத் தெரியும்.

ஆனால் சத்தமில்லாமல் செய்தது என்றைக்கும் சத்தமில்லாமல் இருப்பதில்லை. அனுமதியில்லாத சுவரை இடிக்க ஒரே ஒரு மனு போதும். அன்று பாதிக்கப்படுவது சுவர் மட்டுமல்ல. பல தலைமுறையாக அந்தத் தெருவில் நமக்கு இருந்த நல்ல பெயரும்தான். முறையாகக் கேட்டவருக்கோ கேட்டதற்கான ஆதாரம் கையில் இருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். மேல்முறையீடு உண்டு. நீதிமன்றம் உண்டு. சமய நிறுவனங்கள் சொத்து வைத்திருக்கவும், அதைச் சட்டப்படி நிர்வகிக்கவும் அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு உரிமை தருகிறது. அதே அரசியலமைப்பு, நம் பண்பாட்டுச் செல்வத்தைப் பேணுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 51ஏ பிரிவில் சொல்கிறது. உரிமையும் கடமையும் ஒரே நூலில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே நாம் நீட்ட வேண்டும்.

மனுவை அலுவலகத்தில் கொடுப்பதற்கு முன் இன்னொரு வாசலுக்குப் போங்கள். பங்குத்தந்தையும் பேரவையினர் இருவரும் அந்தத் தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போகட்டும். கோயில் நிர்வாகத்தினரையும் தெருப் பெரியவர்களையும் பாருங்கள். கையில் வரைபடம் இருக்கட்டும். ஆனால் அதில் திருத்த இடம் இருக்கட்டும். "உங்க வீட்டுக்கு இதனால ஏதாவது தொந்தரவு வருமா?" என்று கேட்டுவிட்டு, பதில் முடியும் வரை பேசாமல் கேளுங்கள். மழைநீர் எங்கே தேங்கும், தேர் வடம் எந்த மூலையில் திரும்பும், எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார் என்பதெல்லாம் எந்த அலுவலகக் கோப்பிலும் இருக்காது. அந்த வீட்டாருக்குத் தெரியும்.

இடம் அமைந்த பிறகு அது நமக்கு ஞாயிறு காலையில்தான் நிறைய வேண்டும். மற்ற நாட்களில்? எதிர்வீட்டுத் திருமணத்துக்கு வருகிற வண்டிகள் அங்கே நிற்கட்டும். ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று வெளியூரிலிருந்து வருகிற குடும்பங்கள் வண்டியை எங்கே விடுவது என்று தவிக்கும்போது நம் கேட் திறந்திருக்கட்டும். நம் இளைஞர்களே நின்று இடம் காட்டட்டும். குடிக்கத் தண்ணீர் வைக்கட்டும். தேர் ஓடும் வீதி வண்டிகள் இல்லாமல் விரிந்து கிடக்க நம் நிலமும் கொஞ்சம் உதவியிருக்கும். இதை மனுவிலேயே ஒரு வாக்குறுதியாக எழுதலாம். அனுமதி கிடைத்த பின் அதைக் காப்பாற்றவும் வேண்டும்.

வருகிற ஞாயிறு திருப்பலிக்குப் புறப்படும்போது, வண்டியை எங்கே நிறுத்துவோம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வாருங்கள். இரண்டு நிமிடம் கூடுதலாக நடக்க நேர்ந்தாலும் யாருடைய வாசலையும் மறிக்காமல் நிறுத்துங்கள். அந்த நடையையும் காணிக்கையோடு சேர்த்து ஆண்டவரிடம் ஒப்புக்கொடுங்கள்.

மன்றாடுவோம்: அன்னிய நாட்டில் ஆபிரகாமை வழிநடத்திய ஆண்டவரே, எங்கள் பங்குகளுக்குத் தேவையான இடத்தைத் தாரும். அதைக் கேட்கும் பணிவையும், காத்திருக்கும் பொறுமையையும், பகிர்ந்துகொள்ளும் மனத்தையும் தாரும். எங்கள் ஆலயங்களால் அயலாருக்கு நன்மையே விளையச் செய்தருளும். ஆமென்.